ஊதா என்றால் என்ன நிறம்?

அத்தியாயம் பதினான்கு

ஷாமிலா செவ்வாய்க்கிழமை அறைந்து சாத்திய கதவை வெள்ளிக்கிழமை காலைவரை ஒருவரும் ஒழுங்காகத் திறக்கவில்லை. மூன்று நாளாகத் தாயும் மகளும் ஒரே கேத்திலில்தான் தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள். ஆனால் ஒருவர் தேநீரை ஊற்றிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் மற்றவர் குசினிக்குள் கால் வைப்பார்.

காரணம் ஒரு பூனை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்த ஸ்காபரோ வீட்டில் சிரிக்க ஆளில்லை.

வேரோனிக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் இறந்து ஆறு வருடம். சாப்பாட்டு மேசைக்கும் பின்கதவுக்கும் இடையில் அவளுடைய இரண்டு சொத்துகள் இருக்கின்றன: ஒரு மல்லிகைச் சாடி, ஒரு வல்லாரைத் தொட்டி. வெயில் கண்ணில் படாத இந்த மாசி மாதத்தில் இரண்டும் மஞ்சளித்துப் போயிருந்தன.

மகள் ஷாமிலாவுக்கு முப்பத்திநாலு. கலியாணம் முறிந்து, இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பேஸ்மென்றில் இருந்து ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு வேலை செய்கிறாள். வரும்போது கொண்டுவந்தது ஒரு சூட்கேஸும் பிஸ்கற் என்ற செம்மஞ்சள் பூனையும். கணவன் வீட்டில் அவள் அழுத நாட்களில் மடியில் வந்து படுத்தது அந்தப் பூனை மட்டும்தான் என்பதை அவள் தாய்க்குச் சொன்னதில்லை.

வேரோனிக்கா அந்தப் பெயரை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. 'உது' என்பாள். உது சாப்பிட்டுதோ. உது என்ரை தொட்டியைக் கிண்டிப் போட்டுது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமிலாவின் தம்பி வந்து மல்லிகைக்கு மேலே ஒரு லைற் பூட்டிவிட்டுப் போனான். திங்கள் இரவிலிருந்து பிஸ்கற்றின் கண் கலங்கியது. செவ்வாய்க்கிழமை காலை தொட்டியின் விளிம்பில் மண்ணிறமாக ஏதோ தூவிக் கிடப்பதை ஷாமிலா கண்டாள்.

"அம்மா, உதிலை தூள் போட்டனீங்களோ?"

"ஓம், போட்டனான். அதுக்கென்ன இப்ப?"

தூள் என்றால் எங்கள் குசினிகளில் ஒரே தூள்தான். வறுத்து இடித்த மிளகாய்த்தூள். பூனை கிண்டாமல் இருக்கத் தாய் தூளைப் போட்டுவிட்டாள், அது பூனையின் கண்ணில் பட்டுவிட்டது. ஷாமிலாவுக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை. கதவு அறைந்தது அப்போதுதான்.

இன்று காலை பிஸ்கற்றின் கண்கள் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. பதினொரு மணிக்கு மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ஐந்து மணிக்கு மிசிசாகாவில் ஒரு அபார்ட்மென்றுக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். பூனை வைத்திருக்க அனுமதிக்கும் அபார்ட்மென்ற். கையெழுத்து வைத்தால் அடுத்த மாதம் முதலாம் திகதி ஷாமிலா இந்த வீட்டில் இல்லை. இனி வரவும் மாட்டேன் என்று நேற்றுத்தான் தனக்குத் தானே சத்தியம் செய்திருந்தாள்.

அவள் பூனைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது வேரோனிக்கா வழக்கமான கதிரையில், மல்லிகைக்குப் பக்கத்தில், செபமாலையோடு இருந்தாள். தவக்காலம். காலையில் ஐம்பத்துமூன்று மணியும் உருட்டாமல் எழும்ப மாட்டாள். மேலே அந்த லைற் மங்கிய ஊதாவாக எரிந்துகொண்டிருந்தது. தாயின் முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது.

ஷாமிலாவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"எனக்கு அழுது காட்டாதேங்கோ அம்மா."

"ஆர் அழுறது?"

"மூண்டு நாளா உதைத்தானே செய்யிறியள்? இரவிலை பாத்றூமிலை பைப்பைத் திறந்து விட்டிட்டு நிண்டு அழுறது, எனக்குக் கேக்க வேணும் எண்டுதானே?"

வேரோனிக்கா செபமாலையை மடியில் வைத்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றினாள். ஏதோ சொல்ல வந்து, அதை விட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"உந்த லைற்றிலை ஒரு மணம் வருது பிள்ளை. நீச்சல் குளத்துத் தண்ணி மாதிரி. ஒருக்கா வந்து பார்—"

"லைற்! கண் தெரியாமல் ஒரு சீவன் கூட்டுக்குள்ளை கிடக்குது, உங்களுக்கு லைற்! பிஸ்கற் குருடாப் போனா நான் உங்களை மன்னிக்க மாட்டன். எழுதி வையுங்கோ. பின்னேரம் அஞ்சு மணிக்கு மிசிசாகாவிலை கையெழுத்து வைக்கப் போறன். உங்கடை மல்லிகையும் நீங்களும் சந்தோசமா இருங்கோ."

"போ," என்றாள் வேரோனிக்கா. "உன்னை ஆர் மறிச்சது?"

அந்த வீட்டில் கோபத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. தாயிடமிருந்து மகளுக்கு மூக்கு வந்தது, நெற்றி வந்தது, அந்த 'போ'வும் வந்தது.

வைத்தியரின் காத்திருப்பு அறையில் ஷாமிலா உட்கார்ந்திருக்கும்போது தம்பி யூட்சன் போனில் கூப்பிட்டான். அஜக்ஸில் குடியிருந்துகொண்டு பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸுக்குப் போய்வருகிறவன். ஆட்கள் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பும் சாமான்களைப் பிரித்து அடுக்குவது அவனுடைய பகுதி.

"அக்கா, ப்ளீஸ், இண்டைக்கு சைன் பண்ணாதை. அம்மா தனிய இருக்க மாட்டா."

"பூனைக்குத் தூள் போடேக்கை அதை யோசிச்சிருக்க வேணும்."

"அம்மா அப்பிடிச் செய்ய மாட்டா அக்கா. கம் ஆன்."

"ஓமோம், நீ ஆம்பிளைப் பிள்ளை, உனக்கு அவ மாதாதான்."

யூட்சன் பெருமூச்சு விட்டான். "எனக்குச் சண்டை பிடிக்க எனர்ஜி இல்லை. அபிஷனுக்கு மூண்டு இரவா நித்திரை இல்லை. பல்லு வருதாம், நெடுக அழுது கண்ணைக் கசக்கிறான். நான் தூங்கித் தூங்கி வேலை செய்யிறன்."

அபிஷன் யூட்சனின் மகன், எட்டு மாதக் குழந்தை. பல் வரும் வயதுதான். ஷாமிலா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.

வைத்தியர் ஒரு இளம் பெண். பிஸ்கற்றை ஒரு துவாயில் சுற்றி, மூடிய இமையை மெல்ல விலக்கி, செம்மஞ்சள் மருந்து ஒரு துளி விட்டு, அறையை இருட்டாக்கி ஒரு சின்ன நீல லைற்றைப் பிடித்தாள். பூனையின் கண் முழுவதும் பச்சைப் புள்ளி புள்ளியாக மினுங்கியது. மற்றக் கண்ணும் அப்படியே.

"மிளகாய்த்தூள்தானே?" என்று ஷாமிலா ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்கும்போதே தாயைக் கூண்டில் ஏற்றிவிட்ட திருப்தி அவளுக்கு இருந்தது.

வைத்தியர் இல்லை என்று தலையாட்டினாள். தூள் என்றால் ஒரு கண்ணில் கூடவும் மற்றதில் குறையவும் இருக்கும், மூக்கிலும் காலிலும் இருக்கும், பூனை நக்கி வாயிலும் எச்சில் வடியும். இது இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக, மேல்தோல் வெந்ததுபோல் இருக்கிறது. காதின் நுனியும் சிவந்திருக்கிறது. வீட்டில் புதிதாக ஏதும் லைற் பூட்டினீர்களா? ஊர்வனவற்றுக்குப் போடுவது, கிருமி கொல்லுகிறது, அப்படி?

"செடிக்கு ஒரு லைற் மட்டும்தான்."

"படம் இருக்கா?"

இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே எடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பிய வீடியோ. மல்லிகைச் சாடிக்குக் கீழே பிஸ்கற் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. 'வெயில் காய்கிறார் ஐயா' என்று எழுதிச் சிரிப்புப் படம் வேறு போட்டிருந்தாள்.

வைத்தியர் அதை நிறுத்திப் பெரிதாக்கினாள். பல்பின் கண்ணாடி பூச்சு இல்லாமல் தெளிவாக இருந்தது, உள்ளே குழாய் தெரிந்தது. அவள் முகம் மாறியது. இது செடிக்கான லைற் இல்லை என்றாள். அறையில் ஒருவரும் இல்லாத நேரம் கிருமியைக் கொல்லப் போடும் புறஊதா விளக்கு. உடனே அணைக்க வேண்டும். பூனைக்கு மருந்து விட்டால் ஒரு கிழமையில் ஆறிவிடும், பார்வை போகாது. பிறகு மருந்தை எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்குக் கண் எப்படி?"

ஷாமிலாவுக்குக் காலையில் கண்ட தாய் ஞாபகத்துக்கு வந்தாள். சிவந்த முகம். முந்தானையால் ஒற்றிய கண். பாத்றூமில் திறந்துவிட்ட பைப். திங்களிலிருந்து ஒவ்வொரு காலையும், ஐம்பத்துமூன்று மணி.

அவள் நாலுதரம் வீட்டுக்கு எடுத்தாள். வேரோனிக்கா போனைத் தூக்கவில்லை. மகள் மேல் கோபமென்றால் அவள் போனைத் தூக்க மாட்டாள், அது புதினமில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று யூட்சனுக்கு எடுத்தாள். வெட்கம் வந்தால் வேறு ஆளைப் பிடித்துத் திட்டுவது மனித சுபாவம். ஷாமிலாவுக்கு அது கொஞ்சம் அதிகம்.

"நீ என்ன லைற்றடா கொண்டுவந்து பூட்டினனீ?"

"ஏன், எரியேல்லையோ?"

"எரியுது! அம்மான்ரை கண்ணும் எரியுது, பூனையின்ரை கண்ணும் எரியுது! அது கிருமி கொல்லுற லைற்றாம். ஆளில்லாத அறையிலை போடுறதாம். பெட்டியிலை எழுதியிருக்கேல்லையோ?"

"ரிட்டேர்ன் வந்த சாமான் அக்கா, மூடி இல்லை. பெட்டிச் சைட்டிலை அல்ட்ரா வயலெட் எண்டு இருந்தது. அம்மா ஊதா லைற்தான் வேணும் எண்டவ. ஊதா எண்டா என்ன கலர் எண்டு கேட்டன். நாவல்பழக் கலர் எண்டா. நாவல்பழத்தை நான் எங்கை கண்டன்? போனிலை போட்டுப் பாத்தன், வயலெட் எண்டு வந்தது. வயலெட்தானே, அல்ட்ரா எண்டா இன்னும் நல்லது எண்டு நினைச்சன்."

"உனக்கு மண்டைக்குள்ளை என்ன இருக்கு? ஆர் அம்மாக்கு ஊதா எண்டு சொன்னது?"

யூட்சனின் குரல் இறங்கியது. "நீதான் அக்கா."

பொய் என்று கத்த வாயைத் திறந்தாள். ஞாபகம் முந்திக்கொண்டது. தை மாதம் அவள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தாள். பூனை இருக்கிற வீட்டுக்கு எப்படி லைற் தெரிவு செய்வது என்று மூன்று இரவு வாசித்து எழுதிய பட்டியல். வெள்ளை நிற எல்.ஈ.டி., சூடு ஏறாதது, பூனை பாய முடியாத உயரம், கடிக்க முடியாமல் வயரை மூடும் குழாய், இரவில் தானாக அணையும் டைமர். எல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளை, உதிலை என்ன எழுதியிருக்கு, என்ன லைற் வாங்கிறது என்று தாய் வந்து இரண்டுதரம் கேட்டாள். ஷாமிலா காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றவில்லை. சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதா மாதிரி ஒண்டு கடைகளிலை விப்பாங்கள், உதுகள் தானம்மா, இப்ப மீற்றிங், பிறகு கதைப்பம் என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள்.

பிறகு கதைக்கவில்லை.

"அக்கா, இஞ்சை கேள், அந்தப் பெட்டியிலை ரெண்—"

"உன்ரை கதை ஒண்டும் எனக்குத் தேவையில்லை," என்று ஷாமிலா போனை வெட்டினாள். அவன் உடனே திரும்ப எடுத்தான். அவள் ஒலியை நிறுத்தி, போனைப் பின்சீற்றில் எறிந்தாள்.

தாய் செபம் முடித்து அந்தக் கதிரையை விட்டு எழும்பியிருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வழியில் மருந்தகத்தில் பூனையின் துளிமருந்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தாள். வீட்டுக்கு வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. பூனைக்கூட்டை வாசலில் வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் லைற்றின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மல்லிகையின் மேல் இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. குனிந்தபோது தொட்டியின் விளிம்பிலிருந்து ஒரு வாசம் வந்தது. மிளகாய்த்தூளின் வாசம் இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

கறுவா.

மண்ணில் பறக்கும் சின்னப் பூச்சிக்குக் கறுவாத்தூள் தூவலாம் என்பது அவளுடைய பட்டியலின் கடைசி வரி. அந்த முழுப் பட்டியலிலும் வேரோனிக்காவால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது 'சினமன்' என்ற ஒரு சொல்தான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தாள்.

வேரோனிக்கா சோபாவில், கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா."

ஷாமிலா கிட்டப் போனாள்.

"அம்மா, அது கறுவாத்தூள் எண்டு ஏன் சொல்லேல்லை?"

வேரோனிக்கா துணியை எடுக்காமலே பேசினாள். குரல் தணிந்துதான் இருந்தது. அந்தக் குரலுக்குத்தான் இந்த வீட்டில் பிள்ளைகள் பயம்.

"தூள் போட்டனீங்களோ எண்டு கேட்டாய். என்ன தூள் எண்டு கேட்டனியோ? ஒரு வாயில்லாச் சீவன்ரை கண்ணிலை மிளகாய்த்தூள் போடுற பொம்பிளை எண்டு நீ முடிவெடுத்திட்டாய். அந்தப் பொம்பிளை உனக்கு முப்பத்திநாலு வருசம் தாய். அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது? டப்பாவைக் கொண்டுவந்து உனக்கு மணக்கக் குடுக்கிறதோ?"

"கண் நோகுது எண்டாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நம்பியிருப்பியோ? அழுது காட்டுறன் எண்டாய். நாலு நாளா மண் அள்ளிக் கொட்டின மாதிரி எரியுது. நான் அழேல்லை பிள்ளை. உன்ரை அப்பா செத்ததுக்குப் பிறகு நான் அழுததில்லை. நீ அந்த வீட்டாலை வந்தண்டைக்கும் அழேல்லை. நான் அழுதா நீயும் அழுவாய் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான்."

ஷாமிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மன்னியுங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். வேரோனிக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இப்ப மன்னிப்புக் கேக்காதை. எனக்கு இன்னும் கோவம் ஆறேல்லை. கேட்டாலும் தரமாட்டன்."

"சரி. எழும்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நீ கையெழுத்து வைக்கப் போ. அஞ்சு மணி எண்டனீ."

"அம்மா, எழும்புங்கோ."

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வேரோனிக்கா வேண்டாவெறுப்பாக எழும்பினாள், கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை. சப்பாத்துப் போடக் குனிந்தபோது தரையில் பூனைக்கூடு அவள் காலில் முட்டியது. உள்ளே இருந்து மெல்லிய முனகல். வேரோனிக்கா கண்ணைத் திறக்க முடியாமல் கையால் தடவிக் கூட்டின் கம்பியைப் பிடித்தாள்.

"விசுக்கோத்துக்கு மருந்து விட்டாச்சோ?"

பிஸ்கற் என்ற பெயரைத் தாய் தன் தமிழில் சொல்லிவிட்டாள். இரண்டு வருடத்தில் முதல்தரம்.

"விட்டாச்சம்மா."

காரில் ஏற்றி, பெல்ற்றைக் கட்டிவிட்டாள். பின்சீற்றில் கிடந்த போனை எடுத்தாள். அபார்ட்மென்ற்காரர் இரண்டுதரம் எடுத்திருந்தார். யூட்சன் பத்தொன்பதுதரம்.

"மன்னிப்புக் கேக்கப் போறான்," என்று போனை மடியில் போட்டாள். "கேக்கட்டும். கொஞ்சம் வேகட்டும்."

வேரோனிக்கா மூடிய கண்ணோடு இருந்தாள். வீதிமுனைக்கு வந்து சிவப்பு விளக்கில் நின்றபோது திடீரென்று நிமிர்ந்தாள்.

"பிள்ளை, தம்பி லைற் கொண்டுவந்த அண்டைக்குப் பெட்டியிலை ரெண்டு கிடந்தது. ஒண்டைத்தான் இஞ்சை பூட்டினவன்."

"என்ன?"

"மற்றது எங்கை?"

பிறகு கதைப்பம் என்று சொல்ல இந்தமுறை அவளால் முடியவில்லை. ஷாமிலா போனை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் லொறிகளின் ஹோர்ன்.

"ஏனக்கா நீ போனை எடுக்கேல்லை?" யூட்சன் கத்தினான். அந்தச் சாதுப் பிள்ளை அக்காமேல் கத்தி அவள் கேட்டதில்லை. "மூண்டு மணித்தியாலமா எடுக்கிறன்! மற்ற லைற் என்ரை வீட்டிலை! அபிஷன்ரை அறையிலை, மணிப்பிளான்றுக்கு மேலை! மாமி பிள்ளைக்கு வெளிச்சம் நல்லதெண்டு பகல் முழுக்க எரியவிடுறவ. நான் நாநூத்தியொண்டு ஹைவேயிலை மாட்டுப்பட்டு நிக்கிறன். ஒண்டும் அசையுதில்லை. மாமி போன் எடுக்கிறா இல்லை, என்ரை மனுசி வேலையிலை. நீதானக்கா கிட்ட!"

கண்ணைக் கசக்கிறான் என்று காலையில் சொன்னானே. பல் வருகிறதாம். யூட்சனின் மாமியார் றீற்றாவுக்குக் காது மந்தம். போன் அடித்தால் பேரன் எழும்பிவிடுவான் என்று அதைக் குசினி மேசை லாச்சிக்குள் போட்டு மூடி வைக்கிறவள்.

பச்சை விழுந்தது. நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் இரண்டு அம்புக்குறி. மேற்கே போனால் மிசிசாகா. கிழக்கே அஜக்ஸ். ஆஸ்பத்திரி நேரே.

"உங்கடை கண், அம்மா..."

"என்ரை கண் நாலு நாள் இருந்தது, இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கும்," என்றாள் வேரோனிக்கா. "திருப்படி!"

ஷாமிலா கிழக்கே திருப்பினாள். மூன்று மணித்தியாலம். அவள் கோபப்பட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று மணித்தியாலமும் அபிஷனின் அறையில் அந்த லைற் எரிந்துகொண்டிருந்தது.